இடப்பக்க இருக்கை

ஹெரிஃபோர்ட்
27 ஏப்ரல் 2012, வெள்ளி

அன்புள்ள ரொவீனா,

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு உன் வண்டி சாலைத் தகுதிப் பரிசோதனையில் தேறவில்லை. குறைகள் மூன்று. தகவல் தந்தவர் சொந்தமாகக் கார் கட்டுவோருக்கான நம் கிளப்பின் செயலர் ட்ரெவர். பரிசோதகர் கொடுத்த தாளைத் தன் கண்ணால் பார்த்ததாக இன்று காலை தொலைபேசியில் சொன்னார். நான் அவரைக் கூப்பிடவில்லை. சந்தா விஷயமாக அவர்தான் கூப்பிட்டார்.

எனக்கு வருத்தம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய சட்டத்தையும் தகடுகளையும் வைத்துக்கொண்டு அந்த ஷெட்டில் ஆறு வருடம் உழைத்திருக்கிறாய். அதில் நாம் சேர்ந்து வாழ்ந்த முதல் மூன்று வருடம் நானும் இருந்தேன்.

வண்டியை ஏற்றிப் போன டிரெய்லர் ட்ரெவருடையது என்பதால் அவரும் அங்கே இருந்தார். உன்னோடு ஐவர் ப்ரோபர்ட் என்று ஒருவர் வந்திருந்ததாகச் சொன்னார். ஓய்வு பெற்ற பேருந்து மெக்கானிக்காம். ட்ரெவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பரிசோதகர் வண்டிக்கு அடியில போனதும், ரெண்டு பேரும் சுவத்துல சாஞ்சு நின்னு ஒரே ஃப்ளாஸ்க்குல டீ குடிச்சாங்கப்பா. பாக்கவே நல்லா இருந்துச்சு."

ஃப்ளாஸ்க் ஒன்று என்பது உறுதி. கோப்பை ஒன்றா இரண்டா என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. இடப்பக்க இருக்கையை நினைவிருக்கிறதா? 2008 அக்டோபரில் குப்பைப் பையில் நுரைக் கரைசலை ஊற்றி, அது இறுகும்வரை என்னை அதன்மேல் இருபது நிமிடம் அசையாமல் உட்காரவைத்தாய். அந்த நுரை என் முதுகின் அச்சு. இப்போது அதில் உட்காருவது யார்?

என்றும் அக்கறையுள்ள,
டெஸ்மண்ட்

*

லட்லோ
1 மே 2012

டெஸ்மண்ட்,

குறைகள் நான்கு. உன் செய்தியில் பிழை. டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு போல்ட்டின் முனை கூராக இருந்தது. புகைக்குழாயின் விளிம்பும் கூர்மை. இடப்பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் சாலை போதுமான அளவு தெரியவில்லை. நான்காவதை ட்ரெவர் உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்: ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் சக்கரம் தானாக நேராக வர வேண்டும். வரவில்லை. 2008-இல் நீ அளந்து, "துல்லியம்" என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட இடம் அது.

பரிசோதகரிடம் பளிங்கு உருண்டை போல ஒரு கருவி இருக்கிறது. அதை வண்டி முழுக்க உருட்டிப் பார்த்தார். அது தொடுகிற எந்த முனையும் மழுங்கி இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஐவர் ஒரு டப்பா பிளாஸ்டிக் மூடிகளைக் கொட்டினார். "எல்லா நட்டுக்கும் தொப்பி மாட்டு பொண்ணே. இந்த வண்டியில இனிமே கூரா இருக்கிறது உன் நாக்கு ஒண்ணுதான்." மூன்று நாள் தொப்பி மாட்டினோம். நூற்றுப் பதினான்கு.

கோப்பை இரண்டு.

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். உன் பழைய சியரா காரின் பதிவுத்தாள் எனக்கு வேண்டும். வண்டியின் எஞ்சினும் பின் அச்சும் அதிலிருந்து எடுத்தவை. அந்தத் தாளைக் காட்டினால், சியரா பிறந்த 1987-க்கு உரிய டி எழுத்தில் எண் கொடுப்பார்கள். காட்டாவிட்டால் க்யூ. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத வண்டிகளுக்குக் கொடுக்கிற எழுத்து அது. கிளப்பில் க்யூ வண்டியை எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும். நீயே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய்!

நீ போகும்போது எடுத்துப்போன பச்சைத் தகரப் பெட்டியில் அது இருக்கும். தாள் உன் பெயரில் இருப்பதால் நகல் கேட்டாலும் நீதான் கேட்க வேண்டும். உடனே அனுப்பு.

தொலைபேசியில் கூப்பிடாதே. நீ குறிப்பெடுக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

ரொவீனா

*

ஹெரிஃபோர்ட்
9 மே 2012

அன்புள்ள ரொவீனா,

உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. திருத்தத்தை ஏற்கிறேன்: குறைகள் நான்கு.

பதிவுத்தாளைத் தேடுகிறேன். பச்சைப் பெட்டி அக்கா வீட்டுப் பரணில் இருக்கலாம். அக்காவின் முழங்கால் சரியில்லை. ஏணி வைக்க ஆள் கிடைக்க வேண்டும். கொஞ்சம் பொறு.

கிளப் இதழ் வந்தது. பரிசோதனைக்கு விண்ணப்பிக்கும்போது, வண்டியைக் கட்டியது நீதான் என்று நிரூபிக்க நீ அனுப்பிய படங்களில் சிலவற்றைப் போட்டிருக்கிறார்கள். முதல் ஐந்து படங்களை எடுத்தவன் நான். என் பெயர் இல்லை. ஆறாவது படத்தில் ஓரமாக ஒரு முழங்கை தெரிகிறது. கட்டம் போட்ட சட்டை, மடித்துவிட்ட கை. அது என் முழங்கை அல்ல. என் கையில் அவ்வளவு முடி கிடையாது.

நாற்பது வருடம் நான் பார்த்த காப்பீட்டு விசாரணை வேலையில் கற்றது ஒன்றுதான்: தெரியாததைக் கேட்டுவிட வேண்டும். பதினொரு கேள்விகளைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உன்,
டெஸ்மண்ட்

*

லட்லோ
22 மே 2012

டெஸ்மண்ட்,

வெள்ளிக்கிழமை வண்டி தேறிவிட்டது. ஐவர் முன் சக்கரங்களின் கோணத்தை இரண்டு நாள் பொறுமையாக மாற்றி மாற்றிப் பார்த்தார். இப்போது கையை விட்டால் ஸ்டியரிங் தானாக நேராகிறது. பரிசோதகர் மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என் சொந்த வண்டியைவிட ஒழுங்கா வருது" என்றார். ஷெட்டுக்குத் திரும்பியதும் நான் அழுதுவிட்டேன். உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேள்வித்தாளை மேசைமேல் வைத்திருந்தேன். ஐவர் பார்த்துவிட்டார். ஏழாவது கேள்வியைச் சத்தமாகப் படித்தார்: "மேற்படி நபர் ஷூவை எங்கே கழற்றுகிறார்?" பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டு, "நான் இன்னும் கழட்டவே இல்லையே! கழட்டணுமா?" என்றார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பதில் எழுதப்போவதில்லை. 2009-இல் நான் இரும்புக் கடையில் இருக்கும்போது, நிஜமாகவே அங்கே இருக்கிறேனா என்று கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டாயே, நினைவிருக்கிறதா? அவர் ரிசீவரை மூடிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இங்க இருக்கேன்னு சொல்லவா, இல்லேன்னு சொல்லவா?" அன்று சாயங்காலம்தான் உன்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன்.

உன் பெயர் இல்லை என்று எழுதியிருந்தாய். பதிவு விண்ணப்பத்தோடு போகும் தாளில், வண்டியைக் கட்டியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது உன்னுடையது. ஐவர் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 12, செவ்வாய். பதிவு அலுவலகத்திலிருந்து வண்டியைப் பார்க்க ஆள் வருகிறார். சியராவின் தாள் அன்றைக்கு என் கையில் இருக்க வேண்டும். கேள்வி கேட்காதே டெஸ்மண்ட். தாளை அனுப்பு.

ரொவீனா

*

ஹெரிஃபோர்ட்
8 ஜூன் 2012, வெள்ளி

அன்புள்ள ரொவீனா,

வண்டி தேறியதில் மகிழ்ச்சி. இரண்டு பெயர் எழுதினாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். அந்த மகிழ்ச்சியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்ததும் மறுபடி எடுத்தது, நீங்கள் சிரித்த பத்தியைத்தான்.

நீ என்னோடு அப்படிச் சிரித்தது கடைசியாக எப்போது என்று தேடினேன். குறிப்பேட்டில் இல்லை.

புதன்கிழமை லட்லோவுக்கு வந்தேன். வேறு வேலையாக என்று எழுத நினைத்தேன், அது பொய். மூன்றே முக்காலுக்கு ஷெட் கதவு திறந்திருந்தது. நான் எதிரே தபால் பெட்டி அருகில் நின்றேன். இடப்பக்க இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். நீ வலப்பக்கம். வண்டி ஓடவில்லை. சும்மா உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. என் அச்சு அவருக்குப் பெரிது போலிருக்கிறது. அதில் எனக்கு வந்த அற்ப சந்தோஷத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நேராகவே கேட்கிறேன். உங்களுக்குள் ஏதாவது இருக்கிறதா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும்.

தாளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏணி கிடைக்கவில்லை.

டெஸ்மண்ட்

*

லட்லோ
2 ஜூலை 2012

டெஸ்மண்ட்,

உன் உறை ஜூன் 11-ஆம் தேதி வந்தது. கனமாக இருந்தது. தாள் என்று நினைத்து அவசரமாகக் கிழித்தேன். நான்கு பக்கக் கடிதம்.

மறுநாள் வந்தவர் நல்ல மனிதர். எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொண்டார். "இது எந்த வண்டியிலேர்ந்து வந்துச்சும்மா?" என் கணவருடைய சியரா என்றேன். "தாள் இருக்கா?" இல்லை என்றேன். "அவரு வந்து சொல்லுவாரா?" வீதிக்கு எதிரே தபால் பெட்டி வரைக்கும் வருவார் என்று வாய்வரை வந்தது; அடக்கிக்கொண்டேன். அவர் பேனாவை எடுத்து எழுதியதை நின்று பார்த்தேன். கட்டியவர்கள் என்ற இடத்திலும் இரண்டாவது பெயரை நானே அடித்தேன். யாராவது கேட்டால் அதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

போன வியாழக்கிழமை எண் வந்தது. க்யூ. இரண்டு நாள் கோபத்தில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நானே எண் பலகையை வண்டியில் திருகி மாட்டினேன். கிளப்பில் ட்ரெவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பன் பேரு தெரியாத புள்ளையா?" என்றார். "தெரியும், சொல்லத்தான் ஆள் வரலை" என்றேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு சொல்லில் முடியாது. நீ முதல் கடிதம் எழுதிய அன்று எங்களுக்குள் எதுவும் இல்லை. அவர் பிரேக் குழாய் வளைக்க வந்த மனிதர். நான் டீ போட்டுக் கொடுத்தேன். உன் பதினொரு கேள்விகளைப் படித்துச் சிரித்தோமே, அன்று முதலில் சிரிப்பை நிறுத்தியது அவர். காதெல்லாம் சிவந்துவிட்டது. அப்போதுதான் நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை அவர் கையைத்தான் பார்த்திருந்தேன். இன்றைக்குக் கேட்டால், தெரியவில்லை. ஷூவை இப்போது வாசலில் கழற்றுகிறார்.

நேற்று அவர், "இந்தாளு முதுகு மேலயே எத்தனை நாள்தான் உக்காந்துட்டுப் போறது? குழியில விழுந்த மாதிரி இருக்கு" என்றார். நுரையை வெட்டி எடுத்துவிட்டேன். ஷெட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். இப்போதும் யாரோ சாய்ந்து உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன மாதிரிதான் இருக்கிறது. பெரிய சாமான்களை எடுக்கிற குப்பை வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். 12-ஆம் தேதி வியாழன் காலை வரும்.

ரொவீனா

*

ஹெரிஃபோர்ட்
9 ஜூலை 2012, திங்கள்

அன்புள்ள ரொவீனா,

இத்துடன் சியராவின் பதிவுத்தாள். அசல்.

ஒரு திருத்தம். மே 9, ஜூன் 8 கடிதங்களில் தாளைத் தேடுவதாக எழுதியது தவறு. பச்சைப் பெட்டி பரணில் இல்லை. என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உன் மே 1 கடிதம் வந்த அன்றே தாளை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து கோட்டின் உள்பையில் இருந்தது. தபால் பெட்டி அருகில் நின்றபோதும் இருந்தது. உள்ளே வந்து கையில் கொடுத்திருக்க இருபது அடி நடந்திருந்தால் போதும். கொடுத்துவிட்டால் எனக்கு எழுத உனக்கு வேறு காரணம் இருக்காது என்று நினைத்தேன். மறுப்பு எதுவும் இல்லை.

பதிவு அலுவலகத்துக்கு நானும் எழுதியிருக்கிறேன்: எஞ்சினும் பின் அச்சும் என் வண்டியுடையவை, கழற்றியவர்கள் நாங்கள் இருவர், தாளைக் கொடுக்காமல் வைத்திருந்தவன் நான். நகலை இணைத்திருக்கிறேன். கொடுத்த எண்ணை மாற்றுவார்களா என்று இன்று தொலைபேசியில் கேட்டேன். எடுத்த பெண், "உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஆறு வாரத்துல பதில் வரும்" என்றார். ஆகஸ்ட் 20-க்குள் உனக்கு நேரடியாகவே வரும். எனக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஐவரைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அவர் காது சிவந்தது என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாம்.

நிலுவையில் இன்னொன்று இருக்கிறது. அந்த நுரை எனக்கு வேண்டும். எங்கே வைப்பேன், எதற்கு என்று கேட்காதே. வேண்டும். புதன்கிழமைக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். உங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வியாழன் காலை ஏழு மணிக்கு வரும்.

டெஸ்மண்ட்