பித்தளைத் தகட்டில் ஒரு பெயர்

இஞ்சாருங்கோ, என்ரை ராசா,

கடிதத்தில்கூட உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை. கட்டின நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரை, நீங்கள் போனபிறகு மட்டும் எப்படி எழுதுவது? கோபிக்காதையுங்கோ.

இங்கே மெல்பேர்னில் கலர் டீவி வந்துவிட்டது. பிள்ளைகள் பக்கத்து வீட்டிலேயே கிடக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்த புதினம் அதுவல்ல. போன வெள்ளிக்கிழமை உங்கள் வேர்க்ஷொப்புக்குப் போனேன். உங்கள் போர்மன் டோனிதான் போன் பண்ணி, ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

முதலில் புதிதாக வாங்கிய மெஷினைக் காட்டினார். துளை போட்ட காகித நாடாவைக் கொடுத்தால் அதுவே வாசித்து இரும்பை வெட்டுகிறது. பெரிய விசயம்தான். என் கண் என்னவோ அதற்குப் பின்னால் நின்ற உங்கள் கிழவனைத்தான் தேடியது. பழைய இரும்புக் குவியலிலிருந்து இழுத்து வந்து, மாதக்கணக்காகத் துடைத்து நீங்கள் ஓட வைத்த, பற்சக்கரம் வெட்டும் மெஷின்.

டோனி அதை ஓட விட்டார். நான் என்னத்தைச் சொல்ல? திருகாணி மாதிரி ஒரு வெட்டுக்கத்தி சுற்ற, அதோடு சேர்ந்து இரும்புத் தட்டும் சுற்ற, ஒன்றுமில்லாத விளிம்பில் பல்லுப் பல்லாக முளைத்து வந்தது. ஒருவரும் கையால் தொடவில்லை. இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில், ஒவ்வொரு பல்லாக அளந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் இப்படி ஒன்றை ஓட விட்டபோது அவர்களும் வாயைப் பிளந்துதான் நின்றிருப்பார்கள். நீங்கள் குசினியில் என் ரொட்டி மாவின் விளிம்பில் திருகாணியை உருட்டிக் காட்டியது இதைத்தானா? நான் மாவைப் பழுதாக்கியதற்கு ஏசினேன். இப்போது மெய்சிலிர்த்துப்போய் நின்றேன்.

பிறகு மெஷினின் பக்கத்தில் அடித்திருந்த பித்தளைத் தகட்டைக் காட்டினார். இதை மீண்டும் ஓட வைத்தவர் என்று ஆங்கிலத்தில் வெட்டி, கீழே பெயர்: இஞ்சார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் வந்த புதிதில், வீட்டுத் திறப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு உங்களுக்குப் போன் பண்ணினேனே, நினைவிருக்கிறதா? யார் வேண்டும், பெயர் என்ன என்று டோனி கேட்க, உங்கள் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? பின்னால் உங்கள் குரல் கேட்டதும் போனிலேயே இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டுவிட்டேன். அதில் தன் வாய்க்கு வந்த பாதியை உங்கள் பெயர் என்று அவர் எடுத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து வேர்க்ஷொப் முழுக்க அப்படியே கூப்பிட்டிருக்கிறது. நீங்களும் திரும்பியிருக்கிறீர்கள். ஏன் திருத்தவில்லை? எனக்கு ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை, கள்ளன்?

உங்கள் செத்தவீட்டில் எல்லாரும் வேறு பெயர் சொல்லக் கேட்டு டோனிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அது அவர் வாயில் நுழையவுமில்லை. சரியான பெயரைச் சொன்னால் இன்றைக்கே புதுத் தகடு வெட்டிப் போடுவதாகச் சொல்லி, பென்சிலோடு நின்றார். நான் சொல்லாவிட்டால் உங்கள் அப்பா அம்மா வைத்த பெயர் அந்த இரும்பில் நிற்காமலே போய்விடும். தொண்டை வரை வந்தது. உங்களுக்கு எது பிடிக்கும் என்று யாரிடம் கேட்பேன்? இத்தனை வருசம் அந்தப் பெயருக்குத்தானே திரும்பினீர்கள்.

“இதுதான் அவரின்ரை பெயர். நான் வைச்சது,” என்றேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இங்கே பாருங்கள் என்று அர்த்தம் என்றேன். அப்படியென்றால் மெஷினுக்கும் பொருத்தம்தான், வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள் என்றார் அவர்.

உங்கள் திவசம் முடிந்த கையோடு திரும்பவும் அங்கே போவேன். கிழவனை ஓட விடச் சொல்லி, பக்கத்தில் நின்று, உங்கள் சொந்தப் பெயரை ஒரே ஒருக்கால் வாய்விட்டுச் சொல்வேன். அந்தச் சத்தத்தில் வேறு ஒருவருக்கும் கேட்காது. உங்களுக்குக் கேட்டால் போதும்.

உங்கள் மனுசி,
பரமேசு