வெயில் மாடிக்குப் பத்துமணிப்பூ

சூலூர்க்காரருக்கு,

நேற்று நாம் சந்தித்த செடி நர்சரியில், கல்யாணத்துக்குச் சம்மதம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்கள் என்று தெரியும்.

உங்கள் வீட்டு மொட்டைமாடியில் தொங்கவிட, நிழலில் வளரும் பெரணித் தொட்டியை ஆசையாகத் தூக்கினீர்கள். கடைக்கார அக்கா சிரித்தார். "ஏனுங்க, அந்த வெயிலுக்கு இது ரெண்டே நாள்ல அப்பளமாயிருமுங்க."

"எனக்குச் செடியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் திரும்பினீர்கள். இதற்கு முன் என்னைப் பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமே இருந்ததில்லை.

வெயில் ஏறினால்தான் விரியும் என்று பத்துமணிப்பூவை எடுத்துக் கொடுத்தேன். சட்டையெல்லாம் மண்ணாக நீங்கள் அதைச் சுமந்து வந்தபோதே சம்மதம் என்று சொல்லியிருக்கலாம். சிரிப்புத்தான் வந்தது.

வீட்டில் அம்மா, "புடிச்சுதா கண்ணு?" என்றார். தலையாட்டினேன். இன்று காலை அப்பா உங்கள் வீட்டுக்குப் போன் செய்து, நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்ற நாள் குறித்துவிட்டார். இருந்தாலும் அந்த வார்த்தையை உங்களிடம் நானே சொல்கிறேன்: சம்மதம்.

பீளமேட்டுக்காரி