புல்லுக்குருவிக்குப் போட்ட முடிச்சு

இன்று காலை மானாப்புல்லை அறுத்ததும் அந்தப் பச்சை வாசம் எழுந்தது. நீ பக்கத்தில் நிற்பதாகவே நினைத்துத் திரும்பினேன், புள்ள. நம் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுக்காரி நீ. கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு மாட்டுக்குப் புல்லறுக்க இருவரும் மலைச்சரிவுப் புல்வெளியான பத்தனைக்குத்தான் ஓடுவோம். அந்தப் பழக்கம் லேசில் போகுமா?

புல்லுக்குருவி உன்னை ஏமாற்றியது நினைவிருக்கிறதா? அதற்கு வேறு பெயர் உண்டோ என்னவோ, நமக்கு அது புல்லுக்குருவிதான். மண் நிறம், மெலிந்த கால், நடக்கும்போதெல்லாம் வாலை ஆட்டும். ஒற்றைச் சிறகை இழுத்துக்கொண்டு உன் முன்னால் தத்தியதும், பாவம் அடிபட்டுவிட்டதென்று முந்தானையை விரித்தபடி சரிவெல்லாம் துரத்தினாய். தூரம் போனதும் அது சும்மா பறந்துவிட்டது. மூச்சு வாங்க உட்கார்ந்து சிரித்தாய்.

“பெத்தவ புத்தி புள்ள. கூடு இங்கதான் எங்கயோ இருக்கு” என்றாய்.

அது இறங்கும் இடத்தில் தேடிப் பயனில்லை. எட்ட இறங்கி, புல்லுக்குள் நடந்துதான் கூட்டுக்குப் போகும் என்பது பிறகுதான் நமக்குப் புரிந்தது. ஒரு தூரின் அடியில் முட்டைகளைக் கண்டதும், மேலே இரண்டு கொத்துப் புல்லைச் சேர்த்து முடிந்துவிட்டாய். முடிந்த புல் முடிந்தவளுக்கு என்பது தோட்டத்து வழக்கம், இன்னொருத்தி தொடமாட்டாள். காரணம் சொன்னால் பிள்ளைகளும் நாய்களும் வந்துவிடும் என்று நீ யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வெயில் காலத்தில் பச்சை உள்ள இடத்தையெல்லாம் முடிந்துவைக்கும் பேராசைக்காரி என்று பெயர் வாங்கினாய். முடிந்த புல்லை நீயும் அறுக்காததால் உன் மாடோ அரை வயிற்றோடு கத்தியது. எனக்கு உன்மேல் கோபங்கூட வந்தது.

மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பும் ஒரு முடிச்சுப் போட்டிருந்தாய். நீ திரும்பவில்லை. கருமாதி முடிந்த மறுநாள், செத்தவள் புல்தானே, இனி அறுக்கலாம் என்று பெண்கள் அரிவாளோடு இறங்கினார்கள். உள்ளே குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன்.

“அத எனக்குன்னு சொல்லிட்டுத்தான் போனா” என்றேன். பொய்தான்.

“செத்தவ புல்லுக்குமா ஆசப்படுற?” என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன். முணுமுணுத்தபடி வேறு பக்கம் போனார்கள்.

இன்று கூடு காலி. குஞ்சுகள் பறந்துவிட்டன. உன் மாடு இப்போது என் பட்டியில்தான் நிற்கிறது, பசியோடு. அதனால் அந்த இடத்துப் புல்லையெல்லாம் அறுத்துக் கட்டினேன். பேராசைக்காரி என்ற உன் பெயர் இனி எனக்குத்தான், இருந்துவிட்டுப் போகட்டும். உன் விரல் போட்ட அந்த முடிச்சை மட்டும் அவிழ்க்கவும் முடியவில்லை, அறுக்கவும் முடியவில்லை, புள்ள.