கயிறும் மருந்தும்

ஆவடி குடியிருப்பு
12.8.1974

பார்வதத்துக்கு,

உன் கணவன் அப்பாவு, நம் மகனின் மருந்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வேலையில் பெத்தடின் என்ற வலி ஊசிக்கும் கொகேயினுக்கும் அடிமையானவனை, அளவைக் குறைத்துக்கொண்டே வரும் மருந்தால் மருத்துவர் மீட்டுவந்தார். நீயோ அவனைக் குத்தம்பாக்கத்துக்கு அழைத்துப்போய், இனிப் போதையைத் தொடமாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டவைத்து, அந்த மருந்தும் போதைதான் என்று கொட்டிவிட்டாய்.

"இன்னா மாமா, போதைக்கு போதையே மருந்தா? சாமியையே டபாய்க்கிறியே!" என்று உன் தம்பி வேம்புலி என் முன்னால் சிரிக்கிறான். பையன் வாந்தியெடுத்துத் துடிப்பதையும் அவனேதான் சொல்கிறான்.

வேதனை தாங்காமல் பழைய அளவில் ஊசி போட்டுக்கொண்டால், அதைத் தாங்கும் பழக்கம் இப்போது உடம்புக்கு விட்டுப்போனதால், அவன் செத்துவிடுவான். சாமி குற்றத்துக்கு அஞ்சும் நீ, இதற்கு ஏன் அஞ்சவில்லை?

இதை வேம்புலி உன்னிடம் தருவான். நான் மருந்து வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். கயிறு பையன் கையிலேயே இருக்கட்டும். உன் கண்ணெதிரே, என் கையால் மருந்தைப் புகட்டுவேன்.

உன் கணவன்