கொட்டிவிட்டு முதலிலிருந்து

நீர் இறந்து ஒரு மாதம். நேற்று உம்முடைய கணவர் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே நீர் தோட்டா அடுக்குகிற மரத்தட்டு. ஐம்பது துளைகள், எங்கே தொடங்க வேண்டும் என்று மூலையில் பென்சிலால் ஒரு அம்புக்குறி. உம்முடைய ரிவால்வரைச் சட்டப்படி ஒப்படைத்தாயிற்றாம். "இது உங்களிட்ட இருக்கட்டும்" என்றார். முகர்ந்து பார்த்தேன். தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை மினுக்க நீர் பாவித்த வால்நட் தூளின் மணம் இன்னும் போகவில்லை.

ரொக்ஸ்பரோவில் உம்முடைய வீட்டு பேஸ்மென்டில் இதை முதலில் கண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வெடிச்சத்தம் இல்லாத இடம் தேடித்தானே இவ்வளவு தூரம் வந்தோம். நீரோ, கிழமை முழுக்க கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, சனிக்கிழமைகளில் மேக்னம் ரிவால்வருக்குத் தோட்டா செய்துகொண்டிருந்தீர். "கடையில விக்கிறது ஆருக்கோ செய்தது. இது என்ர கைக்குச் செய்தது" என்றீர். கடதாசி இலக்கைத் தவிர வேறொன்றையும் நீர் சுட்டதில்லை.

நான் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிறவள். அளவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்ற திமிர் இருந்தது. உம்மைப் பார்த்த பிறகு அது அடங்கியது. சுட்டு முடிந்த கோதுகளைத் துப்புரவாக்கி, ஒவ்வொன்றிலும் வெடிமருந்தை அளந்து போடுவீர். ஐம்பதும் முடிந்தபின் எல்லாவற்றிலும் மருந்து இருக்கிறதா என்று டோர்ச் அடித்து நிரை நிரையாக உள்ளே பார்ப்பீர். அதற்குப் பிறகுதான் கோதின் வாயில் ஈயக்குண்டை வைத்து அழுத்துவீர். இடையில் யாராவது கதைத்தால் அவ்வளவுதான், ஐம்பதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவீர்.

ஒரு சனிக்கிழமை, என் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியோடு நான் படியிறங்கி ஓடிவந்தேன். நீர் டோர்ச்சை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தீர். பிறகு விட்ட இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினீர். கொட்டவில்லை.

மறுநாள் உம்மோடு துப்பாக்கிக் கிளப்புக்கு வந்தேன். மூன்று வெடி. நாலாவதற்கு நீர் விசையை அழுத்தினீர், உடனே மற்றக் கையை உயர்த்தி அப்படியே நின்றீர். பக்கத்தில் நாலைந்து பேர் சுட்டுக்கொண்டிருந்த இரைச்சலில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்தத் தோட்டாவில் மருந்தே இல்லை. கோதின் அடியிலுள்ள பொறிமூடி வெடித்த வேகத்தில் மட்டும் குண்டு நகர்ந்து, குழாயின் நடுவில் இறுகிக் கிடந்தது. அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டிருந்தால் ரிவால்வர் உம்முடைய கையிலேயே வெடித்திருக்கும். ஒரு சத்தம் கொஞ்சம் சின்னதாக இருந்ததைக் கேட்டு ஒரு விரல் நின்றதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

காரில் நான் அழுதேன். நீர் றோட்டைப் பார்த்தபடி சொன்னீர்:

"நீர் கதைச்சது பிழையில்லை. கொட்டினா உம்மட முகம் வாடுமெண்டு பாத்தன். அதுதான் பிழை."

"இனி நான் கீழ வரமாட்டன்."

"வாரும். நான் கொட்டுவன்."

மிஞ்சிய நாற்பத்தாறையும் அன்றே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். நாற்பத்தாறும் சரியாக இருந்தன. அடுத்த சனிக்கிழமை நான் வேண்டுமென்றே ஏதோ கேட்டேன். சிரித்துக்கொண்டு மறுமொழி சொன்னீர், பிறகு என் முகத்துக்கு முன்னாலேயே ஐம்பதையும் கொட்டினீர். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஊசிமருந்து அளந்துகொண்டிருந்தபோது, கூட வேலை செய்கிற பெண் கதவடியில் நின்று தான் பிள்ளைத்தாய்ச்சி என்றாள். மனமார வாழ்த்தினேன். பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, அளந்ததை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். "பார்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள். முகம் வாடித்தான் போயிற்று. வாடட்டும் என்று விட்டேன். அந்த ஊசி ஏறவிருந்தது நாலு வயதுப் பிள்ளையின் கையில்.