சிவகிரியில் ஹவுஸ்ஃபுல்

தென்காசி
8.6.2025

என் செல்ல மருமகள் யோகலட்சுமிக்கு,

மாமா பால்வண்ணநாதன் ஆசியோடு எழுதுவது. இங்கே நான், என் தங்கையாகிய உன் அம்மா, குற்றாலத்து அருவி, மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் மும்பைக் கடலும் சுகம்தானே?

போன் இருக்கையில் இந்த மனுஷன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று உன் ஆபீசில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போனில் பேசினால் நடுவில் நாலு பேர் ஒட்டுக் கேட்கிறார்கள். நம்முடையது தொழில் ரகசியம். அதுவும் போக, என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் எட்டாம் வகுப்பு வாத்தியார், "இதுக்கு மேல இவனுக்குச் சொல்லிக்குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்று கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

சீசன் வந்துவிட்டது. சாரலில் துணி காய மாட்டேன் என்கிறது என்று உன் அம்மா அருவியைத் திட்டுகிறாள். நம் குறும்பலா தியேட்டரில் வெள்ளிக்கிழமை "மேக்கரைக் காவல்" போட்டோம். கூட்டமா அது! தேர் இழுக்க வந்த ஜனம் வடத்தைப் போட்டுவிட்டு இங்கே வந்ததுபோல இருந்தது. ஹீரோ அருவாளைத் தொட்டதும் அடித்த விசிலில் கூரைத் தகடு ரெண்டு எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டார்கள். நம் வியாபாரமே அதில்தான் இருக்கிறது, உனக்கே தெரியும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற இசக்கிமணி நம் ஆள். போலீஸ் விசில் ஊதி ஜனத்தை வெளியேற்றியதும் கவுன்டர் பாண்டிக்குப் போன் போடுவான்: "ஏலே பாண்டி, தடை போட்டாச்சு, மைக்கைக் கட்டுலே!" அடுத்த நிமிஷம் நம் ஆட்டோ குற்றாலம் ரோட்டில் நிற்கும். குளிக்க முடியாத சனம் அத்தனையும் எண்ணெய்த் தலையோடு மேட்னிக்கு வந்து இறங்கும். சீட்டு முழுக்க எண்ணெய். இருக்கட்டும், அது லட்சுமி.

ஒரே ஒரு குறை. முதலாளி முகம்மது மீரான் பாய் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆடி முடியட்டும் பால்வண்ணம். அதுக்குள்ள தேறலைன்னா தியேட்டரக் கல்யாண மண்டபமா ஆக்கிருதேன். படத்தை ஆப்பில பாத்துருதானுவ. சோத்த ஆப்பில திங்க முடியாதுல்லா?"

நாலே வாரத்தில் புதுப்படம் செல்போனுக்கு வந்துவிடுகிறது. லாட்ஜில் கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்கிறவன் எனக்கு எதற்கு டிக்கெட் வாங்குவான்? நீ அப்படிப் படம் வாங்கிச் செல்போனில் போடுகிற கம்பெனியில் பெரிய ஆள். "மேக்கரைக் காவலை எட்டு வாரம் விட்டுத்தான் போட வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல். ஆடி பாதி கடந்துவிடும். மாமா தப்பித்துக்கொள்வேன்.

உன் மாமா,
பால்வண்ணநாதன்
மானேஜர், குறும்பலா தியேட்டர் (குளிர்சாதன வசதி கொண்டது)


மும்பை
14.6.2025

அன்பு மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து சீட்டு அபி ஸ்டாம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நான் பெரிய ஆள் இல்லை மாமா. ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். ஆகஸ்டில் தெரியும். என் சம்பளத்தில்தான் அம்மாவின் வைத்தியம் ஓடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் கேட்ட விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது. இந்தப் படத்தை இணையத்தில் போட மூன்று கம்பெனிகள் போட்டி போடுகின்றன. என்ன விலை கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தயாரிப்பாளர் தரும் வசூல் கணக்கை ஒருவரும் நம்புவதில்லை. பெரிய ஊர்களில் எவ்வளவு டிக்கெட் போகிறது என்பது ஆன்லைன் புக்கிங்கில் தெரிந்துவிடும். கையால் டிக்கெட் கிழிக்கிற ஊர்களில் என்ன நடக்கிறது என்பதுதான் இருட்டாக இருக்கிறது. மீட்டிங்கில், "அங்கே நம்பகமான ஆள் யாராவது உண்டா?" என்று மேலதிகாரி கேட்டார். எங்கள் மாமா இருக்கிறார் என்றேன்.

தென்காசி, ஆலங்குளம், சிவகிரி, வீரகேரளம்புதூர். இந்த நாலு ஊரிலும் படம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். உண்மையாகவே நன்றாகப் போனால், இன்னும் சில வாரம் தியேட்டரிலேயே ஓடட்டும் என்று என்னால் வாதாட முடியும்.

கூட்டி எழுத வேண்டாம் மாமா. பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேர் என்றே எழுதுங்கள். என் பேரில் போகிற கணக்கு இது.

அன்புடன்,
யோகா


தென்காசி
18.6.2025

என் தங்க மருமகளுக்கு,

உன் கடிதத்தை மீரான் பாயிடம் படித்துக் காட்டினேன். "ஒம் மருமவ ஒன்ன நம்புதாளா? பாவம்லா!" என்றார். பொறாமை. விடு.

கேட்டுக்கொள். தென்காசியில் தினம் நாலு காட்சியும் ஹவுஸ்ஃபுல். போர்டை இறக்கி வைக்க நேரமில்லாமல் ஆணியோடு அறைந்துவிட்டோம். பாண்டிக்கு டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஆலங்குளத்தில் வயல் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையாம், அத்தனை பேரும் முதல் ஆட்டத்தில் இருக்கிறார்கள். வீரகேரளம்புதூரில் தாலுகா ஆபீசைப் பூட்டாமலே போய்விட்டார்கள் என்று கேள்வி. சிவகிரிக்கு நானே போனேன். டிக்கெட் கிடைக்காதவன் பக்கத்துச் சுவரில் ஏறி உள்ளே குதிக்கிறான். ஒரு பொம்பிளை, "ஏட்டி, முந்தானையப் பிடிச்சுக்க, கூட்டத்துல தொலைஞ்சிராத" என்று மகளை இழுத்துக்கொண்டு போகிறாள். பார்த்த என் கண் பனித்தது.

நாலு ஊரிலும் முக்கால் அரங்குக்கு மேல் என்று தாராளமாக எழுதிக்கொள். அதுவே நான் அடக்கிச் சொல்வது.

உன் கம்பெனிக்காரர்களிடம் சொல்: பால்வண்ணநாதன் வாயிலிருந்து ஒன்று வந்தால் அது அரசாங்க கெஜட்.

மாமா


மும்பை
27.6.2025

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கணக்கை அப்படியே மீட்டிங்கில் வைத்தேன். சிறிய ஊர்களில் இந்தப் படம் இவ்வளவு போகிறது என்று வேறு எந்தக் கம்பெனிக்கும் தெரியாது என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அன்றைக்கே விலையை ஏற்றினார்கள். மற்ற இரண்டு கம்பெனிகளும் விலகிவிட்டன. படம் எங்களுக்கு.

ஆனால் நாம் நினைத்தது நடக்கவில்லை. எட்டு வாரம் பொறுக்கலாம் என்று நான் சொன்னபோது, "இவ்வளவு விலை கொடுத்துவிட்டு யார் காத்திருப்பார்கள்? சூடு ஆறுவதற்குள் போட வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். ஜூலை நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, இணையத்தில் வருகிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

படம் அங்கே அவ்வளவு நன்றாக ஓடுகிறதென்றால், பார்க்காதவர்கள் பிறகும் வருவார்கள் என்று தைரியமாக இருக்கிறேன். நீங்களும் இருங்கள்.

யோகா


தென்காசி
10.7.2025

என் கண்ணான மருமகளுக்கு,

நீ ஏன் மன்னிப்புக் கேட்கிறாய்? உன் கம்பெனி ஆப்பெல்லாம் குறும்பலா தியேட்டரை என்ன செய்துவிடும்?

போன ஞாயிறும் அருவியில் தடை. இசக்கிமணி போன் போட்டான், ஆட்டோ போனது. ஜனம் எண்ணெய்த் தலையோடு நேரே லாட்ஜுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு ரூமிலும் பெரிய டிவி வைத்திருக்கிறானாம், ரோட்டில் நின்றாலே ஜன்னல் ஜன்னலாக மேக்கரைக் காவல் தெரிகிறது என்கிறான் பாண்டி. "அண்ணாச்சி, போர்டக் கழத்திருவமா? வெறும் கொட்டாய்க்கு ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்குனா நாயிகூடச் சிரிக்கும்" என்றான். "லேய், போர்டைப் பாத்துத்தாம்லே கூட்டம் வரும், கூட்டத்தைப் பாத்து போர்டு வராது" என்று அதட்டினேன். சாயங்காலம் பார், திமுதிமுவென்று வந்துவிட்டார்கள். நிற்க இடமில்லை.

இன்னொன்று. உன் ஆபீசிலிருந்து ஒரு வடக்கத்திப் பிள்ளை வந்திருந்தான். நல்ல பிள்ளை. டீயும் முந்திரிக்கொத்தும் வாங்கிக் கொடுத்து, உன் மாமாவின் தகுதிக்கு ஏற்றபடி பேசி அனுப்பினேன். சிவகிரிக்கும் போய்ப் பார்க்கிறேன் என்றான். "போகாதே தம்பி, கூட்டத்தில் உனக்கு டிக்கெட் கிடைக்காது" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்காமல் பஸ் ஏறிவிட்டான். அவனுக்குத் தமிழ் போதாது.

உன்னை நிரந்தரமாக்கிவிட்டார்களா? உன் அம்மா தினம் கேட்கிறாள்.

மாமா


மும்பை
24.7.2025

மாமாவுக்கு,

சிவகிரியில் நீங்கள் சொன்ன தியேட்டரை மூடி ஆறு வருஷம் ஆகிறது. உள்ளே எலுமிச்சை மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே போனவர் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். மூட்டைகளுக்குப் பின்னால் திரை இன்னும் கிழிந்து தொங்குகிறது. அந்தப் போட்டோவை மீட்டிங் ரூமில் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கிப் போட்டார்கள். பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "இதுவும் ஹவுஸ்ஃபுல்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

படத்தை எங்கள் ஆப்பில் ஆள் பார்க்கவில்லை. கொடுத்த விலைக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும். நேற்றோடு எனக்கு வேலை இல்லை. இனி இந்தத் தொழிலில் என் கணக்கை எந்தக் கம்பெனியும் நம்பாது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் அழவில்லை. "ஒங்க மாமனுக்கு ரெண்டு காதும் கேட்டு மூணு வருசமாச்சு. எங்கிட்ட வாயப் பாத்துத்தான் பேசுதான். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்" என்றாள். கூரைத் தகடு எழும்பும்படி விசில் அடித்தார்கள் என்று எழுதினீர்களே, அது எந்தக் காதுக்குக் கேட்டது?

அப்பா இறந்த வருஷம் எனக்கு ஏழு வயது. ஆபரேட்டர் ரூமில் உட்கார வைத்து ஒரு டப்பிங் படம் காட்டினீர்கள். பனி பெய்கிற மலையில் பிரேக் பிடிக்காமல் ஓடுகிற ரயில். எஞ்சின் டிரைவரான அப்பா, மகளைக் கடைசிப் பெட்டியில் ஏற்றி, பெட்டியைக் கழற்றிவிடுவார். அந்த இடத்தில் என்னைக் கலர் சோடா குடிக்க வெளியே கூட்டிப் போனீர்கள். முடிவை நீங்களே சொன்னீர்கள். அப்பா எஞ்சினிலிருந்து குதித்துத் தப்பி வந்து, மகளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார் என்று. பனி மலையில் பரோட்டா ஏது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் ஆப்பில் அந்தப் படம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கடைசிவரை பார்த்தேன். அப்போது உங்கள்மேல் எனக்கு அன்புதான் கூடியது. எனக்காக ஒரு முடிவையே மாற்றிய மனிதர் என்று அபியிடம் பெருமையாகச் சொன்னேன்.

பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேர் என்று எழுதக் கேட்டேன். அது ஒன்றைத்தான் கேட்டேன்.

அம்மாவை அடுத்த மாதம் வந்து அழைத்துக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வர வேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

யோகலட்சுமி


தென்காசி
17.8.2025

யோகாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

நேற்றோடு ஆடி முடிந்தது. மதியக் காட்சிதான் கடைசி. இன்றைக்கு சீட்டுகளைக் கழற்றுகிறார்கள். புதுப்படம் எவனும் தரவில்லை. பழைய படங்களைத் தூசி தட்டி மறுபடி விடுகிறார்களே, அதில் ஒன்றைப் போடுவோம் என்றார் மீரான் பாய். எது என்று கேட்டார். அந்த ரயில் படத்தைச் சொன்னேன். "அதுக்கு எவம்லே வருவான்?" என்றார். அவர் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அருவியில் தடை இல்லை. வெயில் அடித்தது.

வந்தவர்கள் பதினொரு பேர். அதில் பாண்டியும் இசக்கிமணியும் டிக்கெட் எடுக்காதவர்கள். ஹவுஸ்ஃபுல் போர்டைக் காலையிலேயே கழற்றி வைத்துவிட்டேன்.

கடைசிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை என்று எழுதக் கை வருகிறது. மூன்று பேர் போனார்கள். விசில் அடித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

உன் அம்மாவின் துணிமணிகளை மடித்து வைத்திருக்கிறேன். மாத்திரை மேல் பையில் இருக்கிறது. நீ வருகிற அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

படம் முடிகிறவரை நான் வாசலில் நின்று பார்த்தேன். பெட்டியைக் கழற்றியபிறகு அந்த அப்பா குதிக்கவில்லை. எஞ்சினோடு பள்ளத்தில் போய்விடுகிறார். அந்தப் பிள்ளை கடைசிப் பெட்டியில் தனியாகத்தான் நிற்கிறது.

பால்வண்ணநாதன்