இடது ஓரம் அமுங்கிய சோபா

கட்டுக்கலை, கண்டி.
வியாழக்கிழமை மத்தியானம்.

அன்பு மகன் யுகேஷுக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்த டோஹா வெயிலில் நீயும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு போன் போட்டால் முடிகிற விசயத்துக்கு அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. நம் வீட்டில் ஹோலில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும், இதை ஹோலில் வைத்துப் பேச முடியாது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஸிபான் நாளைக்கு டோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஹோல் வெறிச்சோடிக் கிடக்கிறது, நல்ல சோபா ஒன்று வாங்குங்கம்மா என்று நீ சொன்னாயல்லவா, அதற்காக உன் ரத்தினம்மா அத்தையையும் கூட்டிக்கொண்டு பிலிமத்தலாவைச் சோபாக் கடைக்குப் போனேன். அப்பாவின் அக்காவாயிற்றே, எதுவும் பளபளவென்று இருக்க வேண்டும், ரெக்சின் போட்டதைத் தடவித் தடவிப் பார்த்தார். புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், எனக்கு வேண்டாம் என்றேன். மூலையில் வளைகிற பெரியது நம் வாசலுக்குள் நுழையாது, பள்ளமானதில் நான் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். கடைசியில் பலகைக் கைபிடி வைத்த, கொஞ்சம் உயரமான, துணி போட்ட ஒன்றில் உட்கார்ந்தேன், முதுகுக்கு இதமாக இருந்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கடைக்கார மஹ்ரூப் தம்பி, போன மாசம்தான் என் பட்டறையில செஞ்சது அக்கா, இன்னும் ஆளே உட்காரல்ல என்று சொன்னார். போன வாரம் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் இடது ஓரத்து மெத்தை அமுங்கிக் கிடந்தது. நான் வலது பக்கம்தான் உட்கார்ந்தேன் மகனே, வேறு யாரும் வரவில்லை. கையை வைத்தேன், சூடாக இருந்தது. மஹ்ரூப்பைக் கூப்பிட்டேன். வந்து கவிழ்த்துப் போட்டு, துணியைக் கிழித்து, புதுப் பலகை புது ஸ்பிரிங் என்று எல்லாம் காட்டினார். இடது மெத்தையை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றி வைத்தோம். மெத்தையை நான் சாய்த்து நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் மெதுவாக இறங்கியது, யாரோ கைபிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்து உட்காருகிற மாதிரி. மஹ்ரூப் நான் ஊற்றின டீயைக்கூடக் குடிக்கவில்லை. திருப்பி எடுத்துக்கிறேன் அக்கா, நீங்க சொல்ற நாளைக்கு லொறி அனுப்புறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்.

அத்தையிடம் சொன்னேன். அவர் சோபாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். அந்தப் பழைய சோபாவ நீ எந்த நாளுல வெளியில அனுப்புன ராஜேஸ்வரி என்று கேட்டார். பத்து மாதமாக நான் யாரிடமும் சொல்லாததை இப்போது உனக்கும் சொல்கிறேன், திட்டாதே. செத்துப்போனவர் கடைசியாக உட்கார்ந்த இடத்தை நம் குடும்பத்தில் பதினாறு நாள் அசைப்பதில்லை. பதினாறாம் நாள் அதன் முன்னால் இலை போட்டுப் படைத்து, மகன் ஒரு பக்கம் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், அப்போதுதான் எழும்பிப் போவார்கள் என்பார்கள். அப்பா உயிர் போனது அந்தச் சோபாவில்தானே, என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அத்தை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம் பார்த்து எட்டாம் நாளே கலகெதர ஊர் ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதை உடைத்து அடுப்பெரித்துவிட்டாராம். பதினாறுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துணியால் மூடி வைத்து, இதில்தான் கடைசியாக உட்கார்ந்தார் என்று வந்தவர்களிடமெல்லாம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை, அயல் வீட்டுப் பையன்களா வந்து தூக்குவார்கள், நானே தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தேன்.

ஹோல் சுவரில் ஓர் ஆள் தலை உயரத்தில் எண்ணெய்க் கறை படிகிறது என்று தைப்பொங்கலுக்குச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? சுண்ணாம்பு அடித்தும் திரும்பத் திரும்ப வந்தது. ஈரம் என்று நினைத்தேன் பாவி. முழங்கால் வலிக்காரர், உட்கார இடமில்லாமல் பத்து மாதம் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறார். சோபா வந்த நாளிலிருந்து கறை பெருகவில்லை.

சோபா வந்து இன்றைக்குப் பதினோராம் நாள். வருகிற செவ்வாய் பதினாறு. அன்றைக்கு முறையாகப் படைத்து வெளியே எடுத்தால் போய்விடுவார், ஆனா மகன் கை படணும், அவன் சொன்னாத்தான் எந்திரிப்பான் என் தம்பி என்கிறார் அத்தை. அப்பாவின் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? எப்படியாவது லீவு கேட்டு வா. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அவரை நினைத்து இல்லை, என்னை நினைத்து. நேற்றுப் பின்னேரம் டீயோடு போய் வலது ஓரத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவ்வளவு சுகமாக இருந்தது மகனே. பத்து மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நிம்மதியாக இருந்தேன். அத்தை வந்து கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினார், நானாக எழும்பவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையைக் காட்டாதே. எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை இருக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் கிடைத்ததும் போன் எடுத்து, வருகிறேன் அம்மா என்று மட்டும் சொல். எதற்கு என்று சொல்லாதே, பக்கத்தில் அவர் இருப்பார்.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
க. இராஜேஸ்வரி